புதன்கிழமை ஃபேஷியல்

2023 ஆகஸ்ட் 9, புதன்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து கணவரை இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தேன். ஆறுக்கு மூக்குக் குழாய் வழியே கஞ்சி. ஏழுக்கு உடம்பைத் துடைத்து முதுகுக்குப் பவுடர். ஒன்பதுக்கு மறுபக்கம் திருப்பினேன். திண்டுக்கல் ரோட்டில் வண்டியிலிருந்து விழுந்த பிறகு பதினான்கு மாதங்களாக அவருக்கு நினைவில்லை. இனி வராது என்று மருத்துவர் என்னிடம் சொல்லிவிட்டார். கணவரின் தங்கையிடமும் சொன்னார்; அவள் காதில் வாங்கவில்லை.

பதினொரு மணிக்கு, பகலில் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வரும் ஆயாவிடம் அவரை விட்டுவிட்டு, கோச்சடையில் எங்கள் தெருமுனையில் இருக்கும் பார்லருக்குப் போனேன். இரண்டு மாதம் முன்பு என் கன்னமெல்லாம் தடித்துச் சிவந்து, தாடை வலியில் சோறு மெல்ல முடியாமல் போனது. களிம்பு மட்டும் போதாது, தடிப்பு அடங்கியதும் பார்லரில் முகத்தை மெதுவாக நீவிவிடச் சொல்லுங்கள், நரம்பு தளர்ந்தால் தோலும் தேறும் என்றார் தோல் மருத்துவர். இது ஐந்தாவது புதன்.

பார்லர் பெண் கற்றாழைக் கூழைத் தடவி, காதுக்கு முன்னால் கட்டைவிரல்களை வைத்துச் சுழற்றினாள்.

"தாடைய விடுங்கக்கா. யாரப் போட்டு இம்புட்டு மெல்லுறீங்க?"

"உன்னயத்தான்."

"நான் கசப்பேன்க்கா, துப்பிருங்க."

தோள் இறங்கியது. சில்லிட்டிருந்த விரல்கள் சூடாயின. மூச்சு வயிறு வரை போனது. கணவருக்காக வாங்கிய, விரலில் மாட்டும் நாடிக் கருவியைக் கொண்டுபோயிருந்தேன்: படுக்கும்போது 96, எழும்போது 72. நடுவில் இருபது நிமிடம் தூங்கியிருக்கிறேன். அந்த வாரத்தில் அவர் மூச்சுக்குக் காது கொடுக்காமல் தூங்கியது அவ்வளவுதான்.

வீட்டு வாசலில், சோழவந்தானிலிருந்து வந்த நாத்தனார் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். படுத்திருப்பவருக்கு எப்படி இருக்கிறது என்று எங்கள் ஆட்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். கேட்டால் நோவு கூடிவிடும் என்று பயம். மனைவியின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். அவளும் பார்த்தாள்.

"மதினி! மூஞ்சி தெளிஞ்சு கெடக்கே! அண்ணன் முழிச்சிருச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் போன் அவள் காதில் இருந்தது. "எம்மா, அண்ணனுக்கு நெனவு வந்திருச்சும்மா! மதினி மூஞ்சியே சொல்லுது!" மறுமுனையில் மாமியார் ஓவென்று அழுதது எனக்கே கேட்டது.

உள்ளே ஓடி, "அண்ணே, அண்ணே" என்று அவர் கன்னத்தைத் தட்டினாள். அவர் அசையவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அப்ப ஒங்க மூஞ்சிக்கு என்ன மதினி?"

"பார்லருக்குப் போயிட்டு வாரேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தோல் மருத்துவர் சொன்னதைச் சொல்லியிருப்பேன்.

"அம்மாட்ட நீங்களே சொல்லிருங்க" என்று போனை நீட்டினாள். சொன்னேன்.

"நல்லாப் பாத்தியாத்தா?" என்று கேட்டார் மாமியார்.

நல்லாப் பார்த்தேன் என்றேன்.

மாலை நாலு மணிக்கெல்லாம் தாடை பழையபடி இறுகிவிட்டது. நாத்தனார் கடைசி பஸ்ஸுக்கு முந்தியதில் கிளம்பினாள். போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுந்ததும், அவரைத் திருப்புவதற்கும் முன்பாக, இனிப் புதன்கிழமைகளில் வரமாட்டேன் என்று பார்லர் பெண்ணுக்குச் செய்தி அனுப்பினேன்.