பாலமுனைக் கரையில் கால் மடக்க மறுத்த பஸ்

இல்லை மச்சான், அளவில்லாமல் எண்ணெய் ஊற்றினேன் என்று நீ எழுதியிருப்பது பொய். ஒரு லீற்றர். போத்தலில் எழுதியிருந்ததை வாசித்து, கண்ணாடி போட்டுக்கொண்டுதான் ஊற்றினேன். அளவு பிழை இல்லை, ஊற்றிய நேரம்தான் பிழை. இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறவனுக்கு இந்த வித்தியாசம் விளங்க வேண்டும்.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஹனிபா என் மனைவியின் தம்பி, கடை சாய்ந்தமருதில். போன வாரம் நான் இங்கே போட்ட பஸ் படத்தின் கீழே, "மச்சான் அளவில்லாமல் எண்ணெய் ஊற்றித் தன்னுடைய கையாலேயே பஸ்ஸைக் கெடுத்துப்போட்டுக் கடற்கரையில் கிடந்து தவித்தார்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறான். கிடந்தது உண்மை. தவித்ததும் உண்மை. கெடுத்தேன் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பஸ் இப்போது நாலு காலையும் மடக்கிக்கொண்டு என் வாசலில் நிற்கிறது, அல்ஹம்துலில்லாஹ். படுக்கை போட்ட வாகனத்தில் ஊர் சுற்ற நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

பஸ் என்றால் பெரிய பஸ் இல்லை. பதினெட்டு வருடம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி ஓட்டிய இருபத்தாறு சீட் வண்டி. சீட்டைக் கழற்றி இரண்டு கட்டில், ஒரு காஸ் அடுப்பு, சின்னதொரு குளிர்ப்பெட்டி வைத்தேன். பள்ளமான தரையில் நிறுத்தினால் படுக்கிற ஆள் உருண்டுபோகும் என்பதால், வெளிநாட்டு வாகனம் ஒன்றிலிருந்து கழற்றிய ஜாக்கிகள் நாலைக் கொழும்பில் வாங்கி, மெக்கானிக் பாஸ் ஒருவரைக் கொண்டு நாலு மூலையிலும் பூட்டினேன். பொத்தானை அமத்தினால் மோட்டர் எண்ணெயைத் தள்ளும், நாலு காலும் இறங்கி வண்டியை மட்டமாகத் தூக்கி நிறுத்தும். மேலே எடுக்கும்போது எண்ணெய் திரும்பி டாங்கிக்குள் போகும், ஸ்பிரிங் காலை இழுத்துக்கொள்ளும். இவ்வளவுதான் அதன் கணக்கு.

பெரும்போக நெல் வெட்டு முடிந்த கையோடு இரண்டு நாள் கடற்கரையில் இருக்க வேண்டும் என்று மனைவி றஹீமா கேட்டாள். கல்முனையில் எங்கள் வீட்டிலிருந்து கடல் எண்ணூறு மீற்றர். அதைச் சொன்னேன்.

"அந்தக் கடலுக்குப் போற வழியில பதினாலு வீட்டில நிண்டு கதைக்கோணும். கதைக்காமப் பாக்கிற கடலொண்டுக்குக் கூட்டிப் போங்க," என்றாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடித்து, சாப்பிட்டு, மூன்று மணிக்குப் புறப்பட்டோம். பாலமுனைக்கு ஏறக்குறைய இருபது கிலோமீற்றர். நிந்தவூரில் பாணும் வாழைப்பழமும் வாங்க நிறுத்தியதையும் சேர்த்து ஐம்பத்தைந்து நிமிடம். பிரதான வீதியிலிருந்து கடலுக்குப் போகிற கிரவல் பாதை மழை இல்லாத காலத்தில் நல்லது. கடைசியில் இறுகிய மணலாகப் பெரியதொரு வெட்டைவெளி கிடந்தது. இரண்டு பக்கமும் இழுத்து வைத்த தோணிகள், நடுவில் ஒன்றுமில்லை, ஒரு மனிதரும் இல்லை. எனக்கென்றே விட்டு வைத்த இடம் என்று நினைத்தேன்.

கால்களை இறக்கினேன். நாலும் நத்தை மாதிரி இறங்கின, மோட்டர் முனகியது. எண்ணெய் குறைந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். படிக்கட்டுக்குப் பக்கத்துப் பெட்டிக்குள் இருக்கிற டாங்கியைத் திறந்து பார்த்தால், உண்மையாகவே பாதிதான் இருந்தது. இரண்டாயிரத்து நானூறு ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்த ஒரு லீற்றரைக் கிட்டத்தட்ட விளிம்பு வரை ஊற்றினேன். மூடியில் ஊசித் துவாரம் ஒன்று இருந்தது. உப்புக்காற்று, பறக்கிற மணல், துவாரம். கரையோரத்து ஆள் என்ன செய்வான்? எங்கள் ஊரில் டீவி ரிமோட்டுக்கே பொலித்தீன் உறை போடுவோம். சொப்பிங் பேக் ஒன்றை மூடிக்கு மேலே போட்டு, சைக்கிள் டியூப் ரப்பரால் நாலு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். பிறகு நிம்மதியாகக் கடலைப் பார்த்தோம். றஹீமா ஒருவரோடும் கதைக்கவில்லை, என்னோடும்தான்.

சனிக்கிழமை காலை ஆறு இருபது. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கும்போது வெளியே ஒரு குரல்.

"ஹாஜியார், இது ஆர்ர வாகனம்?"

"என்டதான். ஏறி வாங்க, பிளேன்டீ குடிப்பம்."

"டீ இரிக்கட்டும். வாகனத்த எடுங்க. நீங்க நிக்கிறது எங்கட மடி ஏறுற இடம்."

அவர் கரைவலை முதலாளி ஆதம்பாவா. ஐம்பது வயதிருக்கும். சாரனை மடித்துக் கட்டி, தலையில் துவாயைச் சுற்றியிருந்தார்.

"நேத்து ஒரு குருவியையும் காணல்லயே," என்றேன்.

"நேத்து வெள்ளிக்கிழம."

 வெள்ளிக்கிழமையில் எங்கள் ஆட்கள் வலை போடுவதில்லை என்பது, அறுபத்தெட்டு வருடம் இந்தக் கரையில் வாழ்ந்த எனக்குத் தெரியாததா? வெள்ளிக்கிழமை வந்து வெறுங்கரையைப் பார்த்து ஏமாறுவதற்கு வெளிநாட்டுக்காரன் தேவையில்லை, கல்முனைக்காரனே போதும்.

கரைவலை தெரியாதவர்களுக்கு: கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டு, தோணி கடலுக்குள் வளைந்து போய் மற்ற முனையைத் தூரத்தில் கொண்டுவந்து கொடுக்கும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுத்து இழுத்து நடுவுக்கு வருவார்கள். மீன் சேருகிற பைதான் மடி. அது நடுவில் ஏறும். அந்த நடுவில் நான்.

"வல வளைச்சாச்சி. எட்டரைக்கு மடி வந்திரும். முப்பத்திரெண்டு பேர் இழுக்காங்க. நாலு நாளா வீட்ட கொண்டு போக ஒண்டுமில்ல, இண்டைக்குத்தான் கீரி மீன் கூட்டம் கண்டிரிக்கி," என்றார்.

"கொஞ்சம் தள்ளி ஏத்த ஏலாதா?"

"ரெண்டு பக்கமும் அடியில கல்லு. வல கிழிஞ்சா மீனும் போகும், வலயும் போகும்."

"ரெண்டு நிமிசம் தாங்க," என்று சொல்லிவிட்டு மேலே எடுக்கிற பொத்தானை அமத்தினேன்.

பஸ் மெல்ல இறங்கிச் சக்கரத்தில் உட்கார்ந்தது. அதோடு கால்கள் நின்றுவிட்டன. நாலும் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டு மணலுக்குள் நின்றன. சிவப்பு வெளிச்சம் எரிந்தது. அப்படியே ஓட்டினால் கால் வளைந்து, எண்ணெய்க் குழாயும் பிய்ந்துவிடும்.

செய்தவற்றை வரிசையாக எழுதுகிறேன், உங்களுக்கும் தேவைப்படலாம். ஹாண்ட் பிரேக் போட்டிருக்கா என்று பார்த்தேன், போடாவிட்டால் இந்தக் கால்கள் வேலை செய்யாது. போட்டிருந்தது. எஞ்சினை ஸ்டார்ட் செய்து பற்றரிக்குச் சார்ஜ் கொடுத்துப் பொத்தானை அமத்தினேன், அசையவில்லை. பியூஸ் நல்லது. எண்ணெயை விடுகிற வால்வுகள் நாலிலும் காதை வைத்துக் கேட்டேன், நாலும் டிக் என்று திறந்தன, ஆகவே கரண்ட் போகிறது. சாவியால் மெல்லத் தட்டியும் பார்த்தேன். கரண்ட் இல்லாத நேரத்தில் கையால் திறக்கிற திருகாணியையும் அரைச் சுற்றுத் திருப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. மணி ஏழு பத்து. தூரத்தில் இரண்டு பக்கத்து ஆட்களும் கயிற்றோடு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள்.

ஹனிபாவுக்குக் கோல் எடுத்தேன்.

"மச்சான், அத அப்படியே போட்டுட்டு பஸ்ஸில ஏறி வீட்ட வாங்க," என்றான்.

"பஸ்ஸுக்கத்தான்டா இருக்கன்."

"நான் சொன்னது ஓடுற பஸ்," என்றான். தானும் உதவி செய்ததாக அவன் படத்தின் கீழே உங்களுக்கு எழுதியிருப்பது இதைத்தான்.

ஆதம்பாவா மண்வெட்டி கொண்டுவரச் சொன்னார். மணல்தான் காலைப் பிடித்துக்கொண்டது என்பது அவருடைய எண்ணம். நாலு பேர் சேர்ந்து முன்பக்கத்துக் கால் இரண்டையும் சுற்றிக் குழி வெட்டினார்கள். குழிக்குள்ளே கால் எதிலும் முட்டாமல் அந்தரத்தில் தொங்கியது. அப்போதும் மேலே போகவில்லை. அப்படியென்றால் பிடித்து வைத்திருப்பது மணல் இல்லை, எண்ணெய்.

"முதலாளி, ஒங்கட வலைக்கு முதலாவதாப் பட்டது பஸ்தான் எண்டு எழுதி வைங்க," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. வாய்தான் பழக்கத்தில் போனது. முப்பத்திரண்டு பேர் நாலு நாளாகக் காத்திருந்த மீன் என் இரண்டு கட்டிலால் போகப் போகிறது. மணி எட்டு ஐந்துக்கு, குழாயை வெட்டி எண்ணெயை மணலில் விட்டாவது காலை மடக்குவோம் என்று இரும்பு அறுக்கிற வாளை எடுக்கப் போனேன். ஆதம்பாவா கையைப் பிடித்தார்.

"இரிங்க. கால் மேல போகக்குள்ள எண்ணெய் எங்க போகோணும்?"

"டாங்கிக்கி."

"காட்டுங்க."

பெட்டியைத் திறந்து காட்டினேன். குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இத ஆர் கட்டின?"

றஹீமா நாடியை நீட்டி என்னைக் காட்டினாள்.

"ஹாஜியார், எங்கட தோணி எஞ்சின்ட டாங்கி மூடியில காத்தாணி ஒண்டு இரிக்கி. அத இறுக்கிப்போட்டுப் போனா கொஞ்சத் தூரத்தில எஞ்சின் நிண்டிரும். டாங்கிக்கி மூச்சு வேணும். இதுட மூச்ச நீங்க சைக்கிள் டியூப்பால கட்டிரிக்கீங்க."

கத்தியால் ரப்பரை அறுத்து மூடியைத் திருகினார். புஸ் என்று எண்ணெய் பொங்கி அவருடைய சாரனில் பாதியை நனைத்தது. றஹீமா ஓடிப்போய்ச் சோற்றுச் சட்டியைக் கொண்டுவந்து பிடித்தாள். நாலு காலும் ஒன்றாக ஏறத் தொடங்கின. அந்தச் சத்தத்தைப் போல இனிமையான ஒன்றை நான் சமீபத்தில் கேட்கவில்லை. சட்டியிலும் சாரனிலுமாக வந்தது கிட்டத்தட்ட நான் ஊற்றிய அதே ஒரு லீற்றர்.

விளக்கம் இதுதான். நாலு காலும் இறங்கியிருக்கும்போது எண்ணெய் கால்களுக்குள் இருக்கும், டாங்கி பாதியாகத்தான் தெரியும். அதைக் குறைவென்று நினைத்து நிரப்பினால், திரும்பி வருகிற எண்ணெய்க்கு இடமில்லை. ஊசித் துவாரத்தால் வழிந்தாவது போயிருக்கும், அதையும் நான் அடைத்துவிட்டேன். பஸ்ஸின் பாரம் இருக்கும்வரை டாங்கியில் மிஞ்சிய காற்றை நசுக்கிக்கொண்டு எண்ணெயைத் தள்ளியது, சக்கரம் தரையில் பட்டதும் ஸ்பிரிங்குக்குத் தள்ளப் பலமில்லை.

எட்டு இருபதுக்குப் பஸ்ஸை எடுத்து நூறு மீற்றர் தள்ளி, தோணிகளுக்குப் பின்னால் நிறுத்தினேன். தேத்தண்ணியைக் கையில் எடுத்தபோதுதான் அது ஆறிப்போனது தெரிந்தது. முதல் நாள் கால் நத்தையாக இறங்கியதற்குக் காரணத்தையும் அப்போது கண்டேன்: பற்றரி முனையில் உப்புப் பூத்து, வெள்ளையாகக் கிடந்தது. சுடுதண்ணி ஊற்றிக் கழுவித் துடைத்ததும் மோட்டர் பழைய சுருதிக்கு வந்தது. எண்ணெய் தொடக்கத்திலேயே சரியாகத்தான் இருந்திருக்கிறது.

திரும்பி வந்தபோது ஆதம்பாவா எண்ணெய்ச் சாரனோடு தண்ணீர் ஓரத்தில் நின்றார். என்னைப்போல வாகனம் வைத்திருக்கிறவர்கள் அறிய வேண்டியதை முதலில் அவருக்கே சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போய் நின்றேன்.

"முதலாளி, படிச்சத மறக்க முந்திச் சொல்லிப் போடுறன். ஒண்டு, எண்ணெய் பாக்கிறதெண்டா நாலு காலையும் மேல எடுத்துப்போட்டுத்தான் பாக்கோணும்."

"ஓம்."

"ரெண்டு, மோட்டர் முனகினா எண்ணெயத் தொடப்படாது, முதல்ல பற்றரி முனையப் பாக்கோணும்."

"ஓம் ஓம்," என்றார், கண் கடலில்.

"மூணு, மூச்சு விடுற ஓட்டையத் துணியால துடைக்கலாம், கட்டப்படாது. நாலு, கடக்கரையில நிறுத்த முந்தி ஆரிட்டயாவது கேக்கோணும், வெள்ளிக்கிழமையெண்டா ரெண்டு பேரிட்ட கேக்கோணும்."

இரண்டு பக்கத்து ஆட்களும் நெருங்கிவிட்டார்கள். நாங்கள் வெட்டிய குழிகளுக்கு நேரே, அலைக்குள் மடி வெள்ளையாகக் கொதித்துக்கொண்டு வந்தது. கீரிதான், நல்ல பாரம்.

"அஞ்சாவதுதான் முக்கியம், முதலாளி. கால இறக்க முந்தி அடியில பலகை ஒண்டு..."

அவர் சாரனைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிப் போய்விட்டார்.