வள்ளியின் ஒரே படம்

ஜமுனாமரத்தூர் சரிவில் ஒரு சிறுமி ஸ்கேட்போர்டில் இறங்கினாள். கேமராவைத் தூக்கினேன். தார் ரோட்டில் சக்கரம் கரகரத்தது. சின்ன வயதில் பழைய பேரிங்குகளைப் பலகையில் மாட்டி, நானும் தங்கச்சி வள்ளியும் உருட்டிய வண்டியும் இப்படித்தான் கரகரக்கும்.

ஒருமுறை எங்களைப் படமெடுக்க வந்தவரை அப்பா விரட்டினார். "புள்ளைங்கள போட்டோ புடிச்சா ஆயுசு கொறஞ்சிடும்."

அந்த மாதமே வண்டியோடு பாறையில் மோதி வள்ளி செத்தாள். அப்பாவே சந்தவாசல் போய் போட்டோக்காரரைக் கூட்டி வந்தார். பிணத்தை நாற்காலியில் உட்காரவைத்து, என்னைப் பக்கத்தில் நிறுத்தினார்.

"தலைய புடிச்சிக்கடா, சாயுது."

பிடித்தேன். சில்லென்றிருந்தது.

ஸ்கேட்போர்டு சிறுமியின் அம்மா ஓடிவந்தாள். "எம்பொண்ண எடுக்காதீங்கண்ணா. அவளுக்கு எதுனா ஆயிடும்."

"அப்ப செத்தப்புறம் எடுக்கட்டுமா?" என்றேன்.

அவள் அழுதாள். நான் எடுத்துக்கொண்டே இருந்தேன்.