கால் எட்டும் சைக்கிள்

எங்கள் பக்கத்து வீட்டுச் சின்னவள் குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கிறவள். காலையில் ஏழு மணிக்குச் சைக்கிளில் கிளம்பினால் ஒரு நாளைக்கு அறுபது வீடு. வாசலில் இருக்கும் இரும்பு மூடியைக் கொக்கியால் தூக்கி, குழிக்குள் குனிந்து, மீட்டர் கண்ணாடியைத் துணியால் துடைத்து, எண்ணை எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். நாற்பத்து மூன்று வயது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், அவ்வளவு குள்ளம். வாரியத்தில் கொடுக்கும் பேன்ட்டில் ஒரு சாண் வெட்டி எறிந்துவிட்டுத்தான் போட்டுக்கொள்வாள்.

அவள் ஓட்டிய சைக்கிள் அவளுடையது இல்லை. அவளுடைய அக்காவுடையது. அக்கா நல்ல உயரம்.

சைக்கிள் மட்டுமா? அக்கா ஒன்றரை வயதுப் பெண் குழந்தையை விட்டுவிட்டு ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். மறு மாதமே இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கூடி உட்கார்ந்து, “குழந்தைக்கு வேற யார் இருக்கா?” என்று பேசி முடித்துவிட்டார்கள். இருபத்தொரு வயதுச் சின்னவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை. அக்காவின் செருப்பில் பஞ்சை அடைத்துப் போட்டுக்கொண்டு அக்காவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அக்காவின் துணிமணி, அக்காவின் குழந்தை, அக்காவின் புருஷன். அந்தப் பெரியவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

அடுக்களை அலமாரியெல்லாம் அக்காவின் கைக்கு எட்டுகிற உயரத்தில் அடித்தது. சின்னவள் ஒரு முக்காலியைக் காலால் தள்ளிக்கொண்டேதான் சமைப்பாள். கூடத்துக் கண்ணாடியில் அவளுக்கு நெற்றியும் கண்ணும் மட்டும் தெரியும். “மூக்கு இருக்கான்னு தடவிப் பாத்துக்குவேன் டீச்சர்” என்று சிரிப்பாள். குழந்தைக்கு அவளைச் சித்தி என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்தார்கள். பெற்றவளை மறந்துவிடக் கூடாதாம். அந்தப் பெண் படித்து முடித்து இப்போது வெளியூரில் வேலை பார்க்கிறது. போனில் இன்றைக்கும் சித்திதான்.

சைக்கிளுக்கு வருகிறேன். சீட்டை அடிவரை இறக்கியும் அவளுக்குக் கால் விரல்கூடத் தரையில் படாது. நடைபாதைக் கல்லோ, வாசற்படியோ, பாலத்துக் கட்டையோ இருந்தால்தான் காலை ஊன்றி நிறுத்த முடியும். எந்தத் தெருவில் எங்கே கல் இருக்கிறது என்பது அவளுக்கு மனப்பாடம். மீட்டர் பார்க்க வேண்டிய வீட்டைத் தாண்டிப் போய், கல் இருக்கிற இடத்தில் இறங்கி, திரும்ப நடந்து வருவாள். கல் இல்லாத இடத்தில் குதிப்பாள். முழங்கால் இரண்டிலும் தழும்புக்குக் குறைவில்லை.

அவள் புருஷன் பஸ் பணிமனையில் ஃபிட்டர். விடிவதற்குள் கிளம்பி, இருட்டியபின் திரும்புகிற வேலை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று எனக்குத் தோன்றும். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. “இந்தா”, “இங்க பாரு”, அவ்வளவுதான். ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே அவள் சொன்னாள். “இருபத்திரண்டு வருஷமாச்சு டீச்சர். ஒரு நாள் திட்டினதில்லை, கை நீட்டினதில்லை. நல்லவர்தான். ஆனா என்னைப் பாத்திருக்காரான்னுதான் தெரியல.” வகுப்பில் ஐம்பது பேரை அடக்கிய நான், அவள் மடித்து வைத்த துணியையே எடுத்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன்.

ஃபிட்டர் ஓய்வு பெற்று வீட்டோடு இருந்த முதல் மாதம் அது. ஒரு காலை நேரம் மதில் வழியாக எட்டிப் பார்த்தேன். கொடியில் காயும் அவளுடைய பேன்ட்டை மனுஷன் டேப் வைத்து அளந்துகொண்டிருக்கிறார். காதில் பென்சில் வேறு.

“என்ன ஃபிட்டரே, தையல் கடை போடப் போறீங்களா?”

“ஒண்ணுமில்ல டீச்சர். காஞ்சிருச்சான்னு பாத்தேன்.”

“டேப் வெச்சா?”

மனுஷன் பேன்ட்டை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நான் அன்று முழுக்கச் சிரித்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. நாலாம் நாள் மருத்துவமனையில் கண் திறந்து, பக்கத்தில் நின்ற சின்னவளைப் பார்த்து, அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பேச்சு வந்துவிட்டது. ஆனால் நடுவில் இருந்த வருஷங்கள் துண்டு துண்டாகத்தான் வந்தன, அக்கா போனது வரவே இல்லை. மறுத்துப் பேசினால் பதறுவார், அப்படியே விட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். “ஆமாங்க, நான்தான்” என்றாள் சின்னவள் அவரிடம். அன்றிலிருந்து எத்தனை தடவை அந்தப் பெயரைக் கூப்பிட்டாலும் ஓடி வந்து நிற்பாள்.

“பேர் ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு டீச்சர். அதையும் போட்டுக்கிட்டேன்” என்றாள் என்னிடம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் தாங்கவில்லை. அவள் வேலைக்குப் போகும் நேரத்தில் அவருக்குத் துணையாக நான் போய் உட்கார ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

மூன்று மாதம் போயிற்று. ஒரு சனிக்கிழமை மத்தியானம், சின்னவளும் நானும் வீட்டில் இருந்தபோது, சைக்கிள் கடைக்காரர் ஒரு பச்சை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து அவர்கள் வாசலில் நிறுத்தினார்.

“ஃபிட்டர் அண்ணன் சொன்ன வண்டிம்மா. லேட்டாயிருச்சு, தப்பா நினைக்காதீங்க. இந்த அளவு எங்கயும் கிடைக்காது. ஃப்ரேமை வெட்டி ஒட்ட வேண்டியதாப் போச்சு.”

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். பென்சிலில் போட்ட சைக்கிள் படம். ஃபிட்டர் கையெழுத்து. ஒவ்வொரு குழாய்க்கும் அளவு எழுதியிருந்தது. “கால் ரெண்டும் முழுசா தரையில படணும், அது போதும்னார். வேற எதுவும் கேக்கல.”

எனக்குக் கொடியில் தொங்கிய பேன்ட் ஞாபகம் வந்தது. அவளிடம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் ஏறிவிட்டாள்.

ஏறியதும் முதலில் ஓட்டவில்லை. சீட்டில் உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் தரையில் வைத்துக் குனிந்து பார்த்தாள். குதிகால்கூடப் படிந்திருந்தது. பிறகு மிதித்தாள். எங்கள் தெருவின் நடுவே, பக்கத்தில் கல்லோ படியோ எதுவும் இல்லாத இடத்தில், வேண்டுமென்றே நிறுத்தினாள். காலை ஊன்றினாள். மறுபடி மிதித்தாள், மறுபடி நிறுத்தினாள். பின்னால் வந்த வேன்காரர் ஹாரன் அடிக்க, திரும்பிப் பார்த்து அவருக்கு ஒரு சிரிப்பு. தெருக்கோடி வரை போனாள், வளைந்தாள், காணாமல் போனாள், மறு பக்கத்திலிருந்து மணி அடித்துக்கொண்டு வந்தாள். முதுகு நிமிர்ந்திருந்தது. எக்காமல் எதையாவது செய்து நான் அவளைப் பார்த்தது அன்றைக்குத்தான். வாசலில் நின்றுகொண்டு நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

“டீச்சர், அளவெடுத்திருக்கார் டீச்சர்! எனக்கு!” மூச்சு வாங்கியது. முகமெல்லாம் வியர்வை. சைக்கிளை அப்படியே படியேற்றிக் கூடத்துக்குள் கொண்டுபோய் அவர் நாற்காலி முன்னால் நிறுத்தினாள். நானும் பின்னாலேயே போனேன்.

“பாருங்க, வந்துருச்சு. ஓட்டிட்டு வந்தேன். எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா!”

ஃபிட்டர் இடது கையால் சீட்டைத் தடவினார். ஒட்டு வைத்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார். அப்புறம் நிமிர்ந்து அவளைப் பார்த்து அக்காவின் பெயரைச் சொன்னார்.

“நீ எதுக்கு இதுல ஏறின? குட்டை வண்டி. உனக்குக் கால் மடங்கும்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். சின்னவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

“அப்ப யாருக்குங்க இது?” என்றாள்.

“உன் தங்கச்சிக்கு. உன் வண்டியில அவளுக்குக் கால் எட்ட மாட்டேங்குது. கல்லு தேடித் தேடி இறங்குறா. வாசல்ல உக்காந்து பாத்தா மனசுக்கு என்னமோ பண்ணுது. அவளா வாயைத் திறந்து கேக்கவும் மாட்டா.”

அவள் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“குடுத்துடு, என்ன?” என்றார்.

“குடுத்துடறேன்.”

“நான் செய்யச் சொன்னேன்னு சொல்லாதே. வெக்கப்படுவா.”

“சரிங்க, சொல்லலை” என்றாள் சின்னவள்.