அக்காள் புருஷன் குழி வெட்டிய கதை

என் அக்காள் புருஷனுக்கு வாய் இருந்த அளவுக்கு வேறு எதுவும் இருந்ததில்லை. யுத்த காலத்தில் ஆவடி பட்டாளத்து முகாமில் அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. வேலை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சமையல் கொட்டகையில் அண்டா தேய்ப்பது. ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டால், வெள்ளைக்காரனுக்கே சமைக்கக் கற்றுக்கொடுத்தவர் மாதிரிதான் பேச்சு.

முகாமிலிருந்து அவர் கொண்டுவந்த ஞானம் ஒன்றே ஒன்று. அதை வாராவாரம் எங்களுக்குப் போதிப்பார். "தீ மேல கம்பிய வச்சி பட்டுனு சுட்டு எடுக்கிறது ஒண்ணு. குழி வெட்டி, தணலக் கொட்டி, மேல மூடி, பொகையிலயே பொறுமையா வேவ வைக்கிறது இன்னொண்ணு. நம்ம ஆளுங்களுக்கு இன்னா தெரியும்? கொயம்பு வச்சே கறியக் கெடுத்துடுவாங்க." என் அம்மா வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள். மருமகன் தும்மினாலும் அவளுக்கு அது வேதவாக்கு.

எனக்கு அரக்கோணத்துப் பக்கம் சம்பந்தம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை. பெண் பார்க்க வந்தபோது அவரை ஓரக்கண்ணால் பார்த்தேன், பிடித்துப்போயிற்று. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எங்களில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைத்தால்தான் சம்பந்தம் உறுதி. அதுவரை பச்சைத் தண்ணீர்கூடத் தொட மாட்டார்கள். அப்படிக் கை நனைக்க ஒரு நாள் குறித்தார்கள். மதியம் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு அவர்கள் சாயங்கால ரயிலுக்குத் திரும்புவதாக ஏற்பாடு.

அன்று காலை அம்மா மிளகாய் அரைக்க உட்கார்ந்தாள். "அத்தே, அம்மியாண்ட போவாதீங்க. இன்னிக்கி நான் பாத்துக்கறேன்" என்று வந்து நின்றார் அந்தப் புண்ணியவான். புழக்கடையில் குழி வெட்டி, கட்டையை எரித்துத் தணலாக்கி, முழு ஆட்டை இறக்கித் தகரம் போட்டு மூடியபோது உச்சி வெயில். நாள் பூராவும் வேக வேண்டியதை மத்தியானத்தில் ஆரம்பித்த மேதாவி அவர் ஒருவராகத்தான் இருப்பார். போதாததற்கு, வந்தவர்களிடம் பெருமையடிக்க நிமிஷத்துக்கொரு தரம் தகரத்தைத் தூக்கிக் காட்டினார். இருந்த சூடும் போயிற்று.

வெயில் சாய்ந்தது. "ரயிலுக்கு நேரமாவுதே" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. அவ்வளவுதான், இவர் புழக்கடைக்கு ஓடினார். குழியிலிருந்து ஒரு தொடையை அறுத்தெடுத்து, கொழுந்துவிட்டெரியும் விறகின் மேல் போட்டார். அவர் பீற்றிக்கொண்ட இரண்டு வித்தையில் மற்றது இது. மெல்லிசாக நறுக்கிப் போட வேண்டும் என்பதுகூடத் தோன்றவில்லை. மேலே கரியானதும் எடுத்து, சோறு போட்டுக் காத்திருந்த மாப்பிள்ளை அம்மாவின் இலையில் வைத்தார்.

அந்த அம்மாள் அதைப் பிய்த்தாள். ரத்தம் சோற்றில் இறங்கியது.

"நல்ல காரியத்துல எலையில ரத்தமா! எயிந்திருடா" என்று மகனைப் பார்த்துச் சொன்னாள்.

சோற்றின் மேல் இருந்த கையை மாப்பிள்ளை எடுத்துக்கொண்டார். ஒரு பிடி வெறும் சோறு தின்றிருந்தால் போதும், எனக்கு வாழ்க்கை கிடைத்திருக்கும். ரயில்வே உத்தியோகஸ்தர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார், எழுந்து செருப்பைத் தேடினார். முதுகெலும்பு இல்லாத ஜென்மம். அவரையா எனக்குப் பிடித்திருந்தது என்று அப்போதே உடம்பு கூசியது. ஆனாலும் அழுகை வந்தது.

அவர்கள் போன பிறகு அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அக்காள் புருஷன் குழியருகே குந்தியிருந்தார். "பொறும இல்லாத ஜனங்க. இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார்.

அதன் பிறகு தகரத்தை யாரும் தூக்கவில்லை; ராத்திரி வெகுநேரம் கழித்துத்தான் குழியைத் திறந்தார்கள். கறி எலும்பை விட்டுக் கழன்று வந்தது. காலையிலிருந்து யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. அக்காள் எனக்கும் இலை போட்டாள். தின்றேன். அப்படி ஒரு கறியை அதற்கு முன்னும் தின்றதில்லை, பின்னும் தின்றதில்லை. தூரத்தில் கடைசி அரக்கோணம் வண்டி ஊதிக்கொண்டு போயிற்று. அக்காள் புருஷன் என் இலையில் இன்னொரு துண்டை வைத்து, "எப்டி கீது?" என்று கேட்டார்.

நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தேன்.