வாஷருக்கு அடியில்

பவுடர் கோட்டிங் போட்ட பாகங்களை மாப்பிள்ளை வத்தலக்குண்டிலிருந்து சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். மாப்பிள்ளை என்றால் என் தங்கை புருஷன். அவருடைய பழைய காரில் முன்சக்கரங்களைத் தாங்கிப் பிடிக்கும் சஸ்பென்ஷன் ஆர்ம்கள் அவை. எங்கள் இருவர் வயதையும்விட மூத்த கார் அது. டூரிஸ்டுகளை அதில் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் ஏரியைச் சுற்றி வர வேண்டும் என்று அவருக்கு ஆசை. பிரித்துப் பார்த்தேன். தூளைத் தெளித்து அடுப்பில் சுட்டு எடுத்த கறுப்பு, முகம் பார்த்துத் தலை சீவலாம் போல மின்னியது.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. அடைக்க வேண்டிய துளைகளை அடைக்காமல் ஒரே பூச்சாகப் பூசி அனுப்பியிருந்தார்கள். புஷ் என்பது இரும்பும் இரும்பும் உரசாமல் இருக்க நடுவில் வைக்கிற ரப்பர் குழாய். துளை துளியூண்டு சிறுத்தாலும் அது உள்ளே போகாது. எமரித் தாளை விரலில் சுற்றி, ஒவ்வொரு துளையாக இரண்டு நாள் தேய்த்தேன். பிறகு சோப்புத் தண்ணீர் தடவி, வைஸ் இடுக்கியில் வைத்து நெருக்கி, எட்டு புஷ்ஷையும் ஏற்றினேன்.

அடுத்தது நட்டு உட்காரும் இடம். அங்கேயும் பூச்சைச் சுரண்டி, வெறும் இரும்பின் மேல்தான் வாஷரை வைக்க வேண்டும். பூச்சின் மேல் முறுக்கினால் அப்போதைக்கு இறுக்கமாகத்தான் இருக்கும். வண்டி குலுங்கக் குலுங்கப் பூச்சு நசுங்கும், நசுங்கின அளவுக்கு நட்டு தளரும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. இருபது வருஷமாக இதே சோலிதான் பார்க்கிறேன்.

நான் சுரண்டியை எடுத்ததும் மாப்பிள்ளை பதறிவிட்டார்.

"மச்சான், மச்சான், அத மட்டும் விட்டுருங்க. வெளிய தெரியுற எடம். மூஞ்சியில கீறுனாப்ல இருக்கும்."

பெண் கொடுத்த வீட்டுக்காரன், மாப்பிள்ளை பேச்சைத் தட்ட முடியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அது சாக்கு. அந்தக் கறுப்பின் மேல் எனக்கும் மனசு போய்விட்டது. இரண்டு நாள் தேய்த்த கைவலி வேறு. "சரி, அம்பது கிலோமீட்டர் ஓடுனதுக்கப்புறம் ஒருக்கா இறுக்கிக்கலாம்" என்றேன்.

எங்கள் பக்கம் எந்த வண்டியை வேலை முடித்து இறக்கினாலும் முதல் ஓட்டம் பழனிக்குத்தான். மலையிறங்கிப் பூஜை போட்டுத் திரும்பி வந்தால், அதுவே சோதனை ஓட்டம். சந்தனப் பொட்டு வைத்த வண்டியில், பழனி போய்வரும்வரை ஸ்பேனர் வைக்கவும் மாட்டோம். அபசகுனமாம். யார் சொன்னது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

கிளம்புவதற்கு முந்தின நாள் முழுக்க அந்த நட்டு என் மனசை அரித்துக்கொண்டே இருந்தது. சாயங்காலம் ஸ்பேனரோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். தங்கை காரைக் கழுவி, பொட்டு வைத்து, மாலையும் போட்டிருந்தாள்.

"நட்ட ஒருக்கா பாத்துர்றேன்" என்றேன்.

"அண்ணே, இப்பப் போயி இரும்ப வைக்காதண்ணே. நாளைக்கு வெள்ளனே கெளம்பணும். போயிட்டு வந்து பாத்துக்கலாம்."

எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்கிறவன் நான். அன்றைக்கென்று பார்த்து நல்லவனாகத் திரும்பி வந்தேன்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தங்கை வீட்டில் தங்கிவிட்டாள். மாப்பிள்ளை மட்டும் போனார். பழனி ரோட்டில் இறங்கும்போது ஒரு வளைவில் கார் திரும்பவில்லை. தடுப்புச் சுவர் இருந்ததால் உயிர் தப்பினார். வலது முழங்கால் நொறுங்கிவிட்டது.

வண்டியை இழுத்து வந்தது நான்தான். ஷெட்டில் குனிந்து பார்த்தேன். ஆர்மைப் பிடித்திருந்த போல்ட் பாதி உருவி வெளியே நின்றது. நட்டைக் காணவில்லை. வாஷர் இருந்த இடத்தில் பூச்சு பொடிந்து உதிர்ந்து, காசு அளவுக்கு இரும்பு வெளுத்துத் தெரிந்தது.

வேகமாக வந்திருப்பார் என்று ஊரே சொன்னது. முதலில் சொன்னவர் மாப்பிள்ளையேதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நீங்க பாத்துப் பாத்துச் செஞ்ச வண்டி மச்சான். நாந்தேன் வளைவுல வெரசா வந்து தப்புப் பண்ணிப்புட்டேன்."

அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். "விடுங்க மாப்ள, உசுரு இருக்குல்ல" என்றேன். சொன்னால், ஸ்பேனரைத் தடுத்தோமே என்று தங்கையும் உடைந்துபோவாள், அதனால்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் புளுகு. எனக்குப் பயம், அவ்வளவுதான்.

இப்போது அவருக்குக் கால் மடங்காது. ஸ்டியரிங் பிடித்தே வாழ்ந்தவர், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். தங்கை பூண்டுக் காட்டுக்குக் கூலி வேலைக்குப் போகிறாள். வேலை முடிந்து வந்ததும் ஆரம்பிப்பாள்: "அப்படி வெரசாப் போயி என்னத்தக் கண்டீங்க? வீட்ல ஒரு பிள்ள கெடக்கேன்னு நெனச்சீங்களா?" அவர் மடங்காத காலைத் தடவிக்கொண்டிருப்பார்.

போன வாரம் அங்கே சாப்பிட உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மாப்பிள்ளை, காலை நீட்டியபடி. தங்கை கரண்டியோடு நின்று என்னைக் கேட்டாள்.

"அண்ணே, நெசத்தச் சொல்லு. வண்டியில எதும் கோளாறு இருந்துச்சா? இருந்துச்சுன்னு நீ ஒரு வார்த்த சொன்னாப் போதும், இனிமே இவர நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மாப்பிள்ளை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பிச்சை கேட்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"இல்லம்மா. வண்டி நல்லாத்தேன் இருந்துச்சு" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தங்கை எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.