சாங்ஷன் ஆயிடுச்சு

காட்டூர் அழகிரிக்கு இங்கிலீஷில் பிடித்த ஒரே சொல் சாங்ஷன். லீவு சாங்ஷன் ஆன பிறகுதான் கல்யாணம் செய்துகொண்டார். லோன் சாங்ஷன் ஆன பிறகுதான் வீடு கட்டினார். வீட்டு பிளான் சாங்ஷன் ஆவதற்குள் வாங்கிவைத்த சிமெண்டு கல்லாகிவிட்டது, அது வேறு கதை. பாய்லர் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அவர் டெஸ்பாட்ச் சூப்பர்வைசர். அவர் கையெழுத்து இல்லாமல் கேட் திறக்காது.

அன்று காலை கண்டெய்னர் லாரி கேட்டில் காத்துக்கொண்டிருந்தது. வெளிநாட்டு ஏஜெண்டிடமிருந்து ஒற்றை வரி மெயில்: சரக்கு வாங்கும் பார்ட்டி 'சாங்ஷன்டு', ஆவன செய்யவும். அழகிரிக்கு முகமெல்லாம் பல்.

"சாங்ஷன் ஆயிடுச்சு, கெளம்பு பிச்சமுத்து!" என்று டிரைவருக்குக் கையசைத்தார்.

லாரி சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் அக்கவுண்ட்ஸ் ரேஷ்மா ஓடிவந்தாள்.

"அண்ணே, லாரி எங்க?"

"போயிடுச்சும்மா. அதான் சாங்ஷன் வந்திருச்சே."

"ஐயோ! டிவியில நியூஸே பாக்க மாட்டீங்களா? அந்த நாட்டு மேல சாங்ஷன், இந்தக் கம்பெனி மேல சாங்ஷன்னு சொல்றாங்கள்ல, அந்த சாங்ஷன்ணே இது. தடை! இந்தப் பார்ட்டிக்கு ஒரு ஆணிகூட அனுப்பக் கூடாது."

"சாங்ஷன்னா சரின்னுதானம்மா அர்த்தம்?"

"அதுவும்தான். இதுவும்தான்."

லத்தீன்காரர்கள் செய்த வேலை. புனிதமாக்குவது என்பது மூலப் பொருள். புனிதமான சட்டத்தின்படி கொடுக்கும் அனுமதியும் சாங்ஷன், அதை மீறினவனுக்கு விழும் அடியும் சாங்ஷன். இரண்டு கூட்டணியிலும் ஒரே ஆள்.

பெட்டி கப்பல் ஏறினால் கம்பெனியின் ஏற்றுமதி மொத்தமும் முடங்கும். கையெழுத்து அழகிரியுடையது. வேலை போய்விடும். பிச்சமுத்துவோ போனை எடுக்கவில்லை.

பைக்கை முறுக்கினார். காவிரிப் பாலத்தில் இடதுபக்கம் ஸ்ரீரங்கத்துக் கோபுரம் தெரிந்தும் கையெடுத்துக் கும்பிடவில்லை. எடுத்தால் வேகம் குறையும். முன்னால் போன ஒவ்வொரு கண்டெய்னரையும் நம்முடையதோ என்று எட்டிப் பார்த்தார். ஒன்றும் நம்முடையது இல்லை.

சமயபுரம் ஆர்ச்சருகே பிரேக் போட்டார். லாரி ஓரங்கட்டியிருந்தது. போனைச் சீட்டில் போட்டுவிட்டு, முன்சக்கரத்தருகே பிச்சமுத்து ஆத்தாளுக்குச் சூடம் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"திருப்புய்யா வண்டிய!"

"சாங்ஷன் ஆயிடுச்சுன்னு நீங்கதானண்ணே சொன்னீங்க?"

"ஆனதாலதான்யா திருப்பச் சொல்றேன்!"

பிச்சமுத்து சூடத்தையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கேள்வி கேட்காமல் வண்டியில் ஏறினான்.

லாரி திரும்பும்போது மேனேஜர் பாலமுரளியிடமிருந்து போன்.

"ரேஷ்மா சொன்னா. வண்டிய புடிச்சிட்டீங்களா?"

"புடிச்சிட்டேன் சார். திருப்பியாச்சு."

"ம். வந்து என் ரூமுக்கு வாங்க. உங்களுக்கு ஒண்ணு சாங்ஷன் பண்ணி வச்சிருக்கேன்."

அழகிரி போனை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

"எந்த சாங்ஷன் சார்?"

மறுமுனையில் பாலமுரளி சிரிக்கும்வரை அவர் மூச்சு விடவில்லை.