குறட்டையைப் பற்றி ஆசிரியர் என்ன நினைக்கிறார்?

எங்கள் வார்டில் அடிக்கடி கேக் வெட்டுவோம். யாருக்கும் பிறந்தநாள் இருக்காது. யாரோ ஒரு நர்ஸ் வெளிநாட்டுக்குக் கிளம்புகிறாள் என்று அர்த்தம். அயர்லாந்து, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று ஊர் மாறுமே தவிர கேக் மாறாது. எப்போதும் அன்னாசிப் பழக் கேக்தான். நான் ஊசி போடப் பழக்கிவிட்ட பெண் ஒருத்தி அப்படிக் கிளம்பியபோது, ஒரு பெரிய துண்டை என் வாயில் ஊட்டிவிட்டு, "தீதி, நீங்களும் பரீட்சை எழுதுங்கள்" என்று இந்தியில் சொன்னாள். வாய் நிறைய கிரீம் இருந்ததால் என்னால் மறுக்க முடியவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவளே என் பெயரை ஒரு பயிற்சி மையத்தில் பதிந்துவிட்டுப் போனாள்.

வெளிநாட்டில் நர்ஸாகப் பதிவு செய்ய ஓர் ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். கேட்பது, பேசுவது, எழுதுவது, படிப்பது என்று நான்கு பகுதிகள். மற்ற மூன்றைப் பற்றி எனக்குப் பயம் இருந்தது. படிப்பதைப் பற்றி இல்லை. எழுத்துக் கூட்டத் தெரிந்தவளுக்குப் படிப்பதில் என்ன பரீட்சை என்று நினைத்தேன்.

நான் திருநெல்வேலிப் பக்கம் தமிழ் வழியில் படித்தவள். நர்ஸிங் படிப்பு ஆங்கிலத்தில்தான் என்றாலும், எங்கள் ஆங்கிலம் நீளம் குறைந்தது. காய்ச்சல் குறைந்தது, மலம் கழித்தார், டாக்டரிடம் தெரிவிக்கப்பட்டது. நோயாளியிடம் பேச இந்தி, வீட்டில் இந்தி கலந்த தமிழ். இத்தனை வருடமாக டெல்லியில் ஆயிரக்கணக்கான சார்ட் எழுதியிருக்கிறேன். அதை எழுதியவரின் மனநிலை என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை.

இந்தத் தேர்வில் கேட்டார்கள். ஒரு நீண்ட கட்டுரையைக் கொடுப்பார்கள். அதற்குப் பாஸேஜ் என்று பெயர். கீழே நான்கு விடைகளோடு கேள்விகள் இருக்கும். கடைசிப் பத்தியில் ஆசிரியர் இந்தச் சிகிச்சையைப் பற்றி என்ன நினைக்கிறார்? வரவேற்கிறாரா, சந்தேகப்படுகிறாரா, கவலைப்படுகிறாரா, வியக்கிறாரா? அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. மனதுக்குள் இருப்பது எப்படித் தெரியும்?

பயிற்சி மையம் லக்ஷ்மி நகரில், ஒரு மொபைல் கடையின் மாடியில் இருந்தது. பாடம் எடுத்த சார் என்னைவிட வயதில் சின்னவர். அவருக்கு ஒரே கொள்கை. "மேடம், சமஜ்னா நஹீ ஹை. டூண்ட்னா ஹை" என்பார். புரிந்துகொள்ளக் கூடாது, தேட வேண்டும். கேள்வியில் உள்ள சொல்லைப் பாஸேஜில் தேடு, அதன் பக்கத்தில் விடை இருக்கும், எடுத்துக்கொண்டு ஓடிவிடு. திருடன் வீட்டுக்குள் நுழைந்தால் சுவரில் மாட்டிய படங்களையா பார்த்துக்கொண்டிருப்பான் என்று கேட்பார்.

எனக்கு அந்தத் திருட்டு வரவில்லை. முதல் பாஸேஜே ஆஸ்பத்திரியில் வழுக்கி விழும் முதியவர்களைப் பற்றியது. குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்ட ஓர் அம்மாவோடு கட்டுரை ஆரம்பித்தது. அதற்குப் பிறகு தரை, விளக்கு, செருப்பு, ஆராய்ச்சி என்று எங்கெங்கோ போய்விட்டது. நான் அந்த அம்மாவைத் தேடிக்கொண்டே போனேன். அறுவை சிகிச்சை நடந்ததா, நடக்க ஆரம்பித்தாளா, கூட யார் இருந்தார்கள், ஒரு தகவலும் இல்லை. நேரம் முடிந்து மணி அடித்தபோது நான் ஒரு கேள்விக்கும் பதில் எழுதியிருக்கவில்லை. சாரிடம் அந்த அம்மா என்ன ஆனாள் என்று கேட்டேன். அவர் பாஸேஜை ஒருமுறை பார்த்தார். அப்படி ஒரு அம்மா அதில் இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கேள்வியில் இல்லாதவர்கள் பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் நமக்கு மார்க் இல்லை என்றார்.

இதை வீட்டில் சொன்னபோது என் கணவர் சிரித்தார். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீஸர். இருபது வருடத்துக்கு மேலாக ஆங்கிலத்தில் கோப்புக் குறிப்பு எழுதுகிறவர். தானே சொல்லித் தருவதாக முன்வந்தார். மகள் கல்லூரி விடுதிக்குப் போனதிலிருந்து அவருக்கு மாலையில் திருத்துவதற்கு யாரும் இல்லை. மயூர் விஹார் வீட்டின் பால்கனியில் இரண்டு நாற்காலி, இரண்டு டீ, நடுவில் பாஸேஜ் என்று உட்கார ஆரம்பித்தோம்.

ஆசிரியர் என்ன நினைக்கிறார் என்ற கேள்வி எது வந்தாலும் அவர் ஒரே விடையைத்தான் சொன்னார். சந்தேகப்படுகிறார்.

"முடிவுகள் ஊக்கமளிக்குதுன்னு வெள்ளையா எழுதியிருக்காரே. எங்க சந்தேகப்படுதாரு?" என்று கேட்டேன்.

"ஊக்கமளிக்குதுன்னு எழுதினாலே சந்தேகம்தான். எங்க ஆபீஸ்ல ஒரு ஃபைல்ல அப்படி எழுதினா, அது இனி வெளிய வராதுன்னு அர்த்தம்."

எனக்கு இதற்கு நேர் எதிரான வியாதி. ஆசிரியர் எல்லாவற்றையும் நம்புகிறார் என்றே எனக்குத் தோன்றும். வலி குறையலாம் என்று எழுதியிருந்தால் குறைந்துவிடும் என்று படிப்பேன். எத்தனை வருடம் எத்தனை பேரிடம் சரியாகிவிடும், சரியாகிவிடும் என்று சொல்லியிருப்பேன். கண்ணும் அப்படியே பழகிவிட்டது. இப்படி, அவர் எல்லோரையும் சந்தேகிக்க, நான் எல்லோரையும் நம்ப, இருவரும் சேர்ந்து தப்பாக எழுதினோம். ஒரு நாள் இரண்டு பேர் விடைகளையும் திருத்திப் பார்த்ததில் அவர் மார்க் என்னுடையதைவிடக் குறைவு. விடைத்தாளில் அச்சுப் பிழை இருக்கிறது என்று சொல்லிவிட்டு டீ தம்ளர்களைக் கழுவப் போய்விட்டார்.

பிறகுதான் குறட்டை வந்தது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சார் வீட்டுப் பாடமாகக் கொடுத்த பாஸேஜைக் கணவர் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். தூங்கும்போது வாயில் பொருத்திக்கொண்டால் குறட்டையை நிறுத்தும் ஒரு ரப்பர் கருவியைப் பற்றியது. இரண்டாவது பத்தியில், குறட்டை விடுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை என்ற வரிக்கு வந்ததும் குரல் இறங்கியது. இதை நீ தேடி எடுத்தாயா என்று கேட்டார். சார் கொடுத்தது என்றேன். சாரிடம் நீ என்ன சொன்னாய் என்று கேட்டார். மிச்சத்தை மௌனமாகப் படித்தார்.

கடைசிக் கேள்வி வழக்கமானதுதான். இந்தக் கருவியைப் பற்றி ஆசிரியர் என்ன நினைக்கிறார்? ஏ, வாங்கலாம் என்கிறார். பி, ஆபத்து வருமோ என்று கவலைப்படுகிறார். சி, விற்பவர்களின் பேச்சைக் கேட்டு உள்ளுக்குள் சிரிக்கிறார். டி, ஆராய்ச்சி போதாது என்று வருந்துகிறார்.

நான் ஏ என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

"பி" என்றார் அவர். "தூங்குத மனுசன் வாயில ரப்பரக் கொண்டு போய் வப்பாங்களா? நீ ஒரு நர்ஸ், நீயே சொல்லு."

நான் நர்ஸாகப் பேசவில்லை, அடுத்த தலையணையில் படுக்கிறவளாகப் பேசுகிறேன் என்றேன். அன்று மாலை நாங்கள் அதற்கு மேல் படிக்கவில்லை. விடை சாரிடம் இருந்தது. செவ்வாய்க்கிழமை வகுப்பில்தான் சொல்வார்.

திங்கட்கிழமை காலை மெட்ரோவில் அந்தத் தாளை மறுபடி எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். பெண்கள் பெட்டி. அதிர்ஷ்டவசமாக உட்கார இடம் கிடைத்திருந்தது. முதல் பக்கம் முடிந்து தாளைத் திருப்பினேன். பக்கத்தில் இருந்த ஆன்ட்டி, "ஏக் மினிட் பேட்டா" என்று என் கையைப் பிடித்து, தாளைத் திரும்ப முதல் பக்கத்துக்கே புரட்டினார். அவர் இன்னும் படித்து முடிக்கவில்லையாம். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படித்து முடித்துவிட்டு, இப்போது திருப்பலாம் என்றார். யமுனா பேங்க் நிலையம் தாண்டுவதற்குள் இருவரும் கேள்விக்கு வந்துவிட்டோம்.

என் விடை என்ன என்று கேட்டார். ஏ என்றதும் தலையை ஆட்டினார். எழுதியவன் ஆண், ஆண்பிள்ளை ஒருவன் இன்னொரு ஆண்பிள்ளையின் வாயை அடைக்கச் சொல்வானா, அவன் கவலைதான் படுவான், அதனால் பி என்று இந்தியில் விளக்கினார். எழுதியது ஆண் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். பெண் எழுதியிருந்தால் இவ்வளவு நீளம் எழுதியிருக்க மாட்டாள், கடையின் விலாசத்தைக் கொடுத்துவிட்டு முடித்திருப்பாள் என்றார்.

எதிரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற கல்லூரிப் பெண் காதிலிருந்து ஒரு பக்க இயர்போனை எடுத்துவிட்டு, தாளைக் காட்டுங்கள் என்றாள். படித்துவிட்டு டி என்றாள். ஆராய்ச்சி போதாது என்பது எப்போதும் சரியான விடை, அவள் படிப்பிலும் அப்படித்தானாம். அவள் பக்கத்தில் கறுப்புக் கோட்டும் கழுத்தில் வெள்ளைப் பட்டையுமாக நின்ற வக்கீல் அம்மா தாளை வாங்கினார். அவர் இறங்க வேண்டிய நிலையம் வந்துகொண்டிருந்தது. ஆசிரியர் சொல்லாத எதையும் நாம் அவர் வாயில் திணிக்கக் கூடாது என்று ஆரம்பித்தார். ரப்பர் கருவியைப் பற்றிப் பேசும்போது அப்படிச் சொன்னதற்கு ஆன்ட்டி சிரித்துவிட, வக்கீல் அம்மா கோபித்துக்கொண்டு வாதத்தை முதலிலிருந்து தொடங்கினார். கதவு திறந்தது, மூடியது, அவர் இறங்கவில்லை.

அதற்குள் தாள் கை மாறிக் கை மாறிப் பெட்டியின் அந்தப் பக்கத்துக்குப் போய்விட்டது. ஒருவர் கடைசிப் பத்தியை இந்தியில் மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏ என்று கை தூக்கியவர்கள் அதிகம். அவர்கள் எல்லோரும் கல்யாணமானவர்கள் என்று கல்லூரிப் பெண் சுட்டிக்காட்டினாள். தூரத்திலிருந்து ஒரு குரல், அந்தக் கருவி கரோல் பாகில் கிடைக்குமா என்று கேட்டது. நான் என் தாளை மீட்டுக்கொண்டு வருவதற்குள், இறங்க வேண்டிய ராஜீவ் சௌக் போயே போய்விட்டது. ஜண்டேவாலானில் இறங்கித் திரும்பி வந்தேன். இறங்குவதற்கு முன் ஆன்ட்டி என் போனை வாங்கித் தன் நம்பரைப் பதிந்து, விடை தெரிந்ததும் கட்டாயம் சொல்லிவிட வேண்டும் என்றார். வார்டுக்குத் தாமதமாகப் போனதற்கு நான் சொன்ன காரணத்தை மேட்ரன் நம்பவில்லை.

செவ்வாய்க்கிழமை சார் விடை சொன்னார். சி. ஆசிரியர் உள்ளுக்குள் சிரிக்கிறார்.

ஒரு பெட்டி முழுக்க ஒருவரும் சி சொல்லவில்லை. எங்கே சிரிக்கிறார் என்று கேட்டேன். சார் ஒரு வரியில் விரல் வைத்தார். இனி மனைவிமார்கள் தூக்கம் வராமல் தவிப்பது அமைதியினால்தான் என்று கருவி விற்பவர்கள் முகம் மாறாமல் உறுதியளிக்கிறார்கள் என்ற பொருளில் அந்த வரி இருந்தது. மூன்று நாளாகப் படித்த வரி. அதில் ஓர் ஆள் சிரித்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரியவே இல்லை.

ஆன்ட்டிக்குச் செய்தி அனுப்பினேன். குரல் பதிவாகப் பதில் வந்தது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது, ஒரு ராத்திரி என் வீட்டில் வந்து படுக்கச் சொல் அவனை என்று இருந்தது. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். குறட்டை விஷயத்தில் அவர் ஆன்ட்டியின் எதிர்க்கட்சி என்றாலும் கோபம் ஒன்றுதான்.

"சிரிக்கானா? ஒரு மனுசன் வைத்தியத்துக்கு வந்து நிக்கான், இவன் சிரிக்கானா?" என்றார். அந்த ஆசிரியர் எழுதிய எதையும் இனி படிக்கப் போவதில்லை என்று தீர்மானமாகச் சொன்னார்.

எனக்கோ அதற்குப் பிறகு எல்லாப் பாஸேஜிலும் யாரோ சிரிப்பது கேட்க ஆரம்பித்தது. நம்புவதும் சந்தேகப்படுவதும் போக இப்படி ஒன்றும் உண்டு என்று தெரிந்துவிட்டதல்லவா. சிறுநீரகக் கல் பற்றிய பாஸேஜில் ஆசிரியர் சிரிக்கிறார் என்று விடை எழுதினேன். சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மேடம், கிட்னி கல்லைப் பார்த்து எவரும் சிரிப்பதில்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அதன் பிறகு ஒவ்வொரு பாஸேஜாக, இவர் நம்புகிறவர், இவர் சிரிக்கிறவர், இவர் பாவம் உண்மையாகவே கவலைப்படுகிறவர் என்று மெல்லப் பிரிக்கப் பழகினேன். வார்டில் நோயாளியின் முகத்தைப் பார்த்து, நன்றாக இருக்கிறேன் என்று சொல்வதை நம்பலாமா என்று தீர்மானிப்பது போலத்தான் அதுவும் என்று தோன்றியது. அதைச் சாரிடம் சொன்னேன். அதெல்லாம் வேண்டாம், தேடுங்கள் என்றார்.

தேர்வன்று காலை பயம் ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, தேடு, எடு, ஓடு என்று நன்றாகவே திருடிக்கொண்டு போனேன். கடைசிப் பாஸேஜில் மாட்டிக்கொண்டேன். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளுக்கு ஏன் ஜெல்லி கொடுக்கிறார்கள் என்பது அதன் விஷயம். எங்கள் ஆஸ்பத்திரியில் கிச்சடிதான். ஜெல்லி கொடுத்து நான் பார்த்ததே இல்லை. அது எப்போது ஆரம்பித்தது, சமையலறையில் யார் எதிர்த்தார்கள், சிவப்பு நிற ஜெல்லியை ஏன் சில நோயாளிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று அடுக்கடுக்காக இருந்தது. ரசித்துப் படித்துக்கொண்டிருந்தேன். படித்து முடித்து நிமிர்ந்தபோது திரையின் ஓரத்தில் கடிகாரம் சிவந்துவிட்டது. மிச்சமிருந்த எல்லாக் கேள்விக்கும் சி, சி, சி என்று தட்டிவிட்டு வெளியே வந்தேன்.

வாசலில் கணவர், எலுமிச்சைச் சாறு விற்கும் ஷிகஞ்சி வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எப்படி எழுதினாய் என்று கேட்டார். நான் வீடு வரும் வரை ஜெல்லியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

முடிவு வந்தபோது படிப்பதில்தான் எனக்கு அதிக மார்க். எழுதுவதில் மட்டும் கொஞ்சம் இடித்தது, அதை மறுபடி எழுதித் தேறினேன். எந்தக் கேள்விக்கு எது சரி என்று அவர்கள் சொல்வதில்லை. மொத்த மார்க்கை மட்டும் தருவார்கள். அந்த ஆசிரியருக்கு ஜெல்லி பிடிக்குமா பிடிக்காதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் ஆஸ்பத்திரி டயட்டீஷியனிடம் கேட்டுப் பார்த்தேன். யாருக்கு ஜெல்லி வேண்டும், எந்தக் கட்டில் என்று அவள் கேட்டாள்.

பதிவு வேலைகள் இன்னும் நடந்துகொண்டிருக்கின்றன. போன வாரம் மார்க்கெட்டில் சிவப்பு ஜெல்லிப் பாக்கெட் ஒன்றைப் பார்த்து வாங்கி வந்தேன். வெந்நீரில் கரைத்துக் கிண்ணத்தில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தேன். மாலையில் எடுத்தபோது ஓரம் கெட்டியாகவும் நடு தண்ணீராகவும் இருந்தது. கணவர் பால்கனியில் உட்கார்ந்து அதை நெடுநேரம் ஆட்டிப் பார்த்தார். பிறகு ஓரத்தை ஸ்பூனால் சாப்பிட்டுவிட்டு நடுவைக் குடித்தார்.

"அடுத்த தடவ பச்சக் கலர் வாங்கு" என்றார்.